பொங்காத மா

கண்டி
4 டிசம்பர் 2025

றமீஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உயிரோடு, சுகமாக இருக்கிறேன். புயலில் இங்கே தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. மஹியங்கனைப் பாதை ஒருவழியாகத் திறந்திருக்கிறதாம். கச்சி முகம்மது நானா நாளை காத்தான்குடிக்கு பஸ் எடுக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒக்டோபரில் நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கும்வரை உங்களோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு அப்படியேதான் இருக்கிறது. கடிதம் எழுதுவது பேச்சில் சேராது. பெரியவாப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஈஸ்டுக்குள் மீனெண்ணெய் உண்டாக்குகிறாயாமே, அது ஹலாலா என்று. நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் சிரித்துக்கொண்டே, "அத அவக்கே தெரியா" என்றீர்கள். வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மூன்று வருடம் படித்தது அந்த ஒரு சிரிப்பில் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தின் பின்பக்க மேடு சரிந்து குளிர் அறையை மூடிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் வளர்த்த ஈஸ்ட் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. எஞ்சியிருப்பது ஒரே ஒரு போத்தல். அது நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டை வைக்கும் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டைவிரல் அளவுப் போத்தல், மண்ணிற மூடி, உள்ளே வெளிறிய மஞ்சளில் தூள்.

அதை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுவர எனக்கு அனுமதி இல்லை. இங்கே அடிக்கடி மின்சாரம் போனதால் பயந்துபோய் ஒக்டோபரில் கொண்டுவந்து வைத்தேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். நன்றாகச் சுற்றி நானாவிடம் கொடுங்கள். இதைக் கோபத்தோடு செய்தாலும் பரவாயில்லை, செய்துவிடுங்கள்.

இர்ஷானா

*

காத்தான்குடி
7 டிசம்பர் 2025

கலாநிதிப் பட்டம் வாங்கப்போகும் இர்ஷானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு இறங்கியது. எனக்கும்தான், அதையும் எழுதிவைக்கிறேன்.

கோபித்துக்கொள்வது உனக்கு எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார். நீ கோபித்தாய், பையைத் தூக்கினாய், கண்டிக்குப் போய்விட்டாய். நான் கோபித்தால் எங்கே போவது? பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊர் வழக்கப்படி இந்த வீடு உன் பேரில். உன் உம்மா சமைத்ததைத் தின்றுகொண்டு, உன் வாப்பாவோடு பள்ளிக்குப் போய்க்கொண்டு உன்னோடு கோபமாக இருக்கிறேன். ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் உம்மாவிடம் போனேன். அது இப்போது தங்கச்சியின் வீடு. மச்சினன் என்னையும் தலையணையையும் மாறிமாறிப் பார்த்தான். தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

போத்தல் அங்கே இல்லை. முட்டைத் தட்டைக் கழற்றிப் பார்த்தேன், பெட்டியை நகர்த்திப் பின்னாலும் பார்த்தேன். புயலின்போது இங்கேயும் மின்சாரம் இல்லை. மாமி பெட்டியைக் காலிசெய்து கழுவினார். என்ன போத்தல் என்று கேட்டால் எந்தப் போத்தல் என்கிறார். மாமா, கேட்காதே என்று கண்ணைக் காட்டுகிறார். இவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள், என்னவென்றுதான் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. அந்தத் தூள் உயிருள்ளதா? உயிருள்ளது என்றால் அதைத் தேடுவது ஒரு மாதிரி, இல்லையென்றால் வேறு மாதிரி. மருந்துக்கடை வைத்திருப்பவன், மீனெண்ணெய்க் குளிசையை நாள் முழுக்க விற்பவன், எனக்கே நீ செய்வது என்னவென்று பிடிபடவில்லை. அன்றைக்குப் பெரியவாப்பா கேட்டதும் எல்லோரும் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். புருஷன்காரன் சொல்லட்டும் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் அந்தச் சொல் வந்தது.

றமீஸ்

*

கண்டி
10 டிசம்பர் 2025

மச்சானுக்கு,

ஸலாம். பதில் தெரியாதவர் உங்களுக்குத் தெரியாது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது என்று ஏன் சொன்னீர்கள்? சரி, அதை விடுங்கள். விட முடியவில்லை, ஆனாலும் விடுங்கள்.

உயிருள்ளதுதான். காயவைத்த உயிர். ஈரம் பட்டால் எழும்பும். நீங்கள் விற்கும் மீனெண்ணெயில் நல்ல கொழுப்பு ஒன்றிரண்டுதான். அதோடு ஒட்டிக்கொண்டு வேறு எத்தனையோ கொழுப்பு வரும், மீன் வாடை வரும், கடலில் சேரும் அழுக்கும் வரும். வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும்போது அந்த ஒன்று மட்டும்தான் வேண்டும். மீனும் அதைத் தானாக உண்டாக்குவதில்லை. கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டாக்குகிறது, அதைத் தின்று தின்றுதான் மீனுக்குள் சேர்கிறது. அந்தப் பாசிக்குத் தெரிந்த வேலையை நாங்கள் ஈஸ்டுக்குப் படிப்பித்தோம். பாசியின் மரபணுவைப் படியெடுத்து ஈஸ்டுக்குள் வைத்தோம். அவ்வளவுதான். அதில் மீனும் இல்லை, மிருகமும் இல்லை.

பெரியவாப்பாவுக்கு இதைத்தான் சொல்ல இருந்தேன். ஆனால் ஓர் உயிரின் வேலையை இன்னொன்றுக்குப் படிப்பிக்க நமக்கு என்ன உரிமை என்று அவர் அடுத்ததாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியாது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று எங்கள் ஆய்வை நடத்தும் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, யாரிடமாவது அந்த ஈஸ்டின் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இதுவரை விளங்கவில்லை. அவர் இந்த வேலையில் என்னை மகள் மாதிரி வைத்திருப்பவர்.

உம்மாவிடம் நேரே கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் அவர் பிடிகொடுக்க மாட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை மச்சான்.

இர்ஷானா

*

காத்தான்குடி
14 டிசம்பர் 2025

இர்ஷானா,

இருந்துகொண்டு வாசி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

மாமி அதில் அப்பம் சுட்டிருக்கிறார்.

புயலன்று ஊர்க் கடைகள் எல்லாம் பூட்டு. வாவி பெருகிக் கரையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. அந்தச் சனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஏதாவது சமைத்துக் கொடுக்கும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாமி அரிசிமாவைக் கரைத்துவிட்டார். பிறகுதான் ஈஸ்ட் தீர்ந்துபோனது தெரிந்தது. அப்போது உன் போத்தல் கண்ணில் பட்டிருக்கிறது. நான் நேரே கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது ஈஸ்ட்டெண்டு அவதானே செல்லிட்டுப் போன. ஈஸ்ட்ட வேற என்னத்துக்கு வாங்கிற?"

நான் என்ன சொல்வது? உன்னிடம் கேட்டிருந்தால் நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்.

மா பொங்கவேயில்லை. தேங்காய்ப்பால் ஊற்றினார், போர்வையால் மூடினார், அடுப்புப் பக்கத்தில் வைத்தார். கல் மாதிரி அசையாமல் கிடந்ததாம். கடைசியில் பாதி மாவில் வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டு ரொட்டியாகச் சுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மாமாவும் நானும் ஆளுக்கு மூன்று தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. மீதி மாவைப் பின்வளவு வடிகானில் ஊற்றிவிட்டார். அந்த வடிகான் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும். வாவிக்குத்தான் போகிறது.

போத்தலைக் கழுவி அதில் மாமா அத்தர் ஊற்றி வைத்திருக்கிறார். அதுதான் அவர் கண்ணைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அத்தனை சனம் தின்றிருக்கிறதே, அவர்களுக்கு ஏதும் வருமா? எங்களுக்கு? கடையில் வருகிற ஒவ்வொருவரிடமும் வயிறு எப்படி என்று கேட்கிறேன். என்ன றமீஸ், புதிதாக டொக்டர் வேலையா என்கிறார்கள். வாவியில் என்ன நடக்கும்? மீனுக்கு ஏதாவது ஆகுமா? நேற்று சந்தையில் மீன் வாங்கப் போய் வாங்காமல் திரும்பிவிட்டேன். உடனே எழுது.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாயே, அது இனி நடக்காது. மாமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "செத்த ஈஸ்ட்ட வச்சிக்கிட்டு இந்தப் புள்ள கண்டியில என்னத்தப் படிக்கி?"

றமீஸ்

*

கண்டி
17 டிசம்பர் 2025

மச்சான்,

சிரித்தேன். பிறகு அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என்னோடு இருக்கும் மேனுகா கதவைத் தட்டி, வீட்டில் யாரும் மவுத்தா என்று கேட்டாள். இல்லை, அப்பம் பொங்கவில்லை என்றேன். அவள் பயந்துவிட்டாள்.

முதலில் இதைக் கேளுங்கள். தின்ற யாருக்கும் ஒன்றும் வராது. சட்டியின் சூட்டில் அது செத்துவிடும், செத்த பிறகு அது வெறும் சாப்பாடு. அந்த ஈஸ்ட் மாவைப் பொங்க வைக்கிற சாதியும் அல்ல. அது சீனியைக் காற்றாக்காது, கொழுப்பாக்கும். உம்மாவின் கையில் குற்றமில்லை என்று சொல்லுங்கள். அது எத்தனை பெறுமதியானது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் தாங்க மாட்டார்.

வாவியைப் பற்றித்தான் எனக்கு எழுத வரவில்லை. இந்த வேலைக்கு அனுமதி கேட்டபோது விண்ணப்பத்தில் நானே ஒரு வரி எழுதினேன். தவறி வெளியே போனாலும் இந்த ஈஸ்ட் இயற்கையில் நிலைக்காது என்று. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். புத்தகங்களைப் பார்த்து எழுதினேன். அப்போது அது ஏதோ ஒரு நீர்நிலை. இப்போது நம் வாவி, நாம் மீன் தின்கிற வாவி. அந்த வரி உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதற்கும் தெரிந்திருப்பதற்கும் நடுவில் விழி பிதுங்கி நிற்கிறேன்.

இன்னொன்று. உம்மா எப்போது மா கரைத்தாலும் அடுத்த தடவைக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைப்பார். பொங்காத மாவிலும் எடுத்திருப்பாரா? எடுத்திருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கலாம். தேங்காய்ப்பால் அதற்குப் பிடித்த தீனி. எங்கள் ஈஸ்ட் மட்டும் தாக்குப்பிடிக்கும் மருந்து ஒன்று இங்கே இருக்கிறது. அதைக் கலந்த தட்டில் தேய்த்தால் மற்றதெல்லாம் செத்து, அது மட்டும் எழும்பும். ஐஸ் தட்டுப் பக்கம் பாருங்கள்.

இதைக் கேட்கலாமா என்று கூடத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

உங்கள் இர்ஷானா

*

காத்தான்குடி
21 டிசம்பர் 2025

இர்ஷானா,

இருக்கிறது. ஐஸ்கட்டிக்குப் பின்னால், மாஜரீன் டப்பாவுக்குள். பொங்காத மாவை என்னத்துக்கு எடுத்து வைத்தீர்கள் என்று மாமியிடம் கேட்டேன். மா கரைத்தால் எடுத்து வைக்கிறதுதானே என்றார். அதற்குமேல் அவருக்கும் காரணம் தெரியவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். மருந்துகள் வைக்கும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதை வெயிலில் வைத்தால் முடிந்தது. நீ மறுபடி தொடக்கத்தில் இருந்து தொடங்க மாட்டாய், உனக்கு அந்தத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்துவிடுவாய். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, மாமியின் அப்பத்தோடு போய்விட்டது என்று நீயே சொல்லிவிடுவாய். இதை உனக்கு அனுப்பினால் இன்னும் இரண்டு வருடம் நான் மாமாவோடு உட்கார்ந்து இரவுச் செய்தி பார்க்க வேண்டும்.

கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் நாம் சேர்ந்து இருந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உன் ஈஸ்ட் மேல் எனக்குப் பொறாமை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

கடையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் கேட்டது ஒன்றும் நான் கொடுத்தது ஒன்றுமாக இருந்தது. அஸருக்குப் பாங்கு சொல்லும்போது எழும்பி, இன்சுலின் குளிர் விடாமல் வரும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் டப்பாவை வைத்துச் சுற்றி ஒட்டினேன். ஏன் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. நல்ல மனது என்று நினைத்துவிடாதே, அனுப்பிய பிறகும் வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நானா இதைத் தன் இருக்கைக்குக் கீழே வைத்திருப்பார். அன்று எல்லோர் முன்னாலும் உன்னைச் சிறுமைப்படுத்தினேன். மன்னித்துவிடு. இதை இப்போது எழுதுவது பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பதற்காக அல்ல. முன்பே எழுதியிருக்க வேண்டும்.

றமீஸ்

*

கண்டி
2 ஜனவரி 2026

என் மச்சானுக்கு,

இப்போது தொலைபேசி வேலைசெய்கிறது. என் முடிவும் முடிந்துவிட்டது, பேசலாம். ஆனால் நீங்கள் பேசினால் உம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், தெரு முழுக்கக் கேட்கும். இதைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும்.

எழும்பியது மச்சான். மருந்துத் தட்டில் நான்காம் நாள் பார்த்தேன், ஓரத்தில் சின்னச் சின்னதாக, வெள்ளையாக, மங்கலாக. எண்ணெயைச் சோதித்தேன், அதுவேதான். மேடத்திடம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், உன் மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய தட்டில் இருந்துதானே என்று அவரே சொன்னார். ஓம் என்று ஒரு சொல் போதும். அவர் அதை எனக்காக எடுத்துக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் ஓம் என்று சொல்லத்தான் இருந்தேன், பொய் சொல்லப் பயப்படுகிறவள் என்று நினைக்காதீர்கள். ஆனால் லாச்சி என்று சொன்னால் வாவி இந்தக் கதையிலேயே இல்லாமல் போய்விடும். அந்த வடிகான் தண்ணீரை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். நான் வாயை மூடினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நான் எழுதிய வரி சரியா பிழையா என்று எப்போதும் தெரியாது, நீங்களும் மீன் வாங்காமல் திரும்பிக்கொண்டே இருப்பீர்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், முட்டைத் தட்டு, அப்பம், பள்ளிக்கூடத்துச் சனம், வடிகான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

தட்டுகளுக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை நான் ஆய்வுகூடத்துக்குள் போகக் கூடாது. வெளியே கொண்டுபோனதற்கு என்னை நிறுத்தலாம், அந்த ஈஸ்டையே அழிக்கச் சொல்லலாம். கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் நம் வீட்டுக்கு வருவார்கள். உங்களிடமும் வாக்குமூலம் கேட்பார்கள். நடந்ததைச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அடுத்த வெள்ளி பஸ்ஸில் வருகிறேன். விடுமுறைக்கு வருகிறேனா, தோற்று வருகிறேனா, ஒரேயடியாக வருகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. நீங்கள் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இர்ஷானா

*

காத்தான்குடி
7 ஜனவரி 2026

இர்ஷானா,

அந்த அதிகாரிகள் நேற்று வந்தார்கள். ஒரு சேரும் ஒரு மிஸ்ஸும். கையுறை போட்டுக்கொண்டு வடிகானில் தண்ணீர் எடுத்தார்கள், வாவிக்கரையிலும் மூன்று இடத்தில் எடுத்தார்கள். முடிவு வர நாளாகுமாம். தெருச்சனம் முழுக்க மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. ஊற்றியது யார் என்று கேட்டதும் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். பிழை என்றால் என்னைப் பிடித்துக்கொண்டு போங்கள், அவள் படிக்கட்டும் என்றார். பிறகு, தேத்தண்ணீர் குடிக்காமல் போகக் கூடாது என்று இருவரையும் இருத்திவிட்டார்.

என்னிடம் தனியாகக் கேட்டார்கள். சொன்னேன். நீ பயந்து கொண்டுவந்தது, எனக்கு எழுதியது, நான் டப்பாவை அனுப்பியது, எல்லாம். வெயிலில் வைக்க நினைத்ததையும் சொல்லிவிட்டேன், எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உங்கள் மனைவி இந்த வேலையை விட்டு வந்தால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது அப்படித்தானே என்றார். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை.

மூன்று வருடமாக நான் துஆவில் கேட்டது அதுதான். ஓம் என்று சொன்னால் போதும். ஆனால் உன்னை அங்கே போகவிடாமல் வாசலில் யாரோ நிறுத்துவது மாதிரி ஒரு எண்ணம் வந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, அந்த ஈஸ்ட் என்னுடையது மாதிரி.

"சேர், அவவ நிப்பாட்டிப்போடாதீங்க. அந்த வேலைய அவதான் செய்யோணும்."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார். கீழே கையெழுத்து வைத்தேன்.

இது உனக்கு உதவுமா, யாராவது வாசிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன வேண்டும் என்றும் இப்போது சரியாகத் தெரியவில்லை. நீ வேண்டும், அது தெரியும். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வந்து நிற்கிறேன். எத்தனை நாள் வைத்திருக்கிறார்களோ அத்தனை நாளும் இரு. ஆனால் அவர்கள் உன்னைக் கூப்பிடுகிற அன்றைக்கு, பையைத் தூக்கிக்கொண்டு நானே உன்னை பஸ் ஏற்றிவிடுவேன். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நிற்பேன். அதைக் கண்டுகொள்ளாதே, ஏறிப் போய்விடு.

றமீஸ்